கால்பந்தும் செண்பகவல்லியின் வீடும்

பட்டிமன்றத்தில் தோற்றவர் வீடு பத்து கெஜம் பின்னால் போகும். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் அதுதான் வழக்கம். மற்ற ஊர்களில் தோற்றவருக்கும் சால்வை போர்த்தி அனுப்புகிறார்களாம். அதெல்லாம் ஒரு பட்டிமன்றமா?

தலைப்பு மாறாது. அமெரிக்கக் கால்பந்தில் ஆகச் சிறந்த குவார்ட்டர்பேக் யார்? குவார்ட்டர்பேக் என்றால் அணிக்குப் பின்னால் நின்று பந்தை வாங்கி, முன்னால் ஓடுகிற கூட்டாளிக்கு எறிகிறவர். எங்கள் ஊரில் யாரும் அந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை. பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும்.

செண்பகவல்லி, டெல்பர்ட் ஓக்லியின் கட்சி. ஓக்லி எறிவதில் மன்னன். அவன் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவன் பெயரைச் சொல்லும்போது அவள் கழுத்து தானாக நிமிரும். எதிர்வீட்டு ஆவுடையப்பன், கடலைமிட்டாய்க் கடைக்காரர், கிளைட் ஹாரிகனின் கட்சி. ஹாரிகன் பந்தை யாருக்கும் கொடுக்க மாட்டான். தானே கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவான்.

மூன்று வருஷமாக ஹாரிகன்தான் ஜெயிக்கிறான். மூன்று வருஷமாகச் செண்பகவல்லியின் வீடு பின்னால் போகிறது. எதிர்வீடு என்பது இப்போது பேச்சுக்குத்தான். கத்திக் கூப்பிட்டால்தான் காது கேட்கும். புறவாசலுக்குக் கண்மாய்த் தண்ணீர் வந்துவிட்டது. சைவ வீட்டு அடுப்படியில் அயிரை மீன் புழங்குகிறது. அந்த மானக்கேட்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இன்னும் பத்து கெஜம் போனால் வீடு முங்கிவிடும்.

அவள் புருஷன் உலகநாதன் பட்டிமன்ற நாளில் மேடைப் பக்கம் வரமாட்டார். வீட்டு வாசலில் நின்று கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வீடு போகும்போது கூடவே போவார். அவர் கையில் எதுவும் நிற்காது. கல்யாண நலங்கில் செண்பகவல்லி உருட்டிவிட்ட தேங்காயைக்கூடப் பிடிக்கத் தெரியாமல் விட்டவர். ஊர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. அவள் மட்டும் சிரித்ததில்லை. "நான் உருட்டுனது சரியில்ல" என்பாள்.

இந்த வருஷம் மதியமே மேடை போட்டுவிட்டார்கள். நடுவராக வழக்கம்போல் வரிக்குதிரை ஒருவர் வந்திருந்தார். அமெரிக்காவில் அந்த ஆட்டத்து நடுவர்களும் கறுப்பு வெள்ளை வரிச்சட்டைதான் போடுவார்களாம். பாளையங்கோட்டைக்காரர். நல்ல குடும்பம். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, முன்னால் வைத்த பன்னீர் சோடாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆவுடையப்பன் எழுந்தார்.

"நடுவர் அவர்களே! இந்த ஆட்டத்துக்குப் பேரு என்ன? கால்பந்து. ஓக்லி என்னைக்காவது ஒரு நாள் காலை வச்சு ஆடியிருக்கானா? நின்ன எடத்துல நின்னு கையால எறிஞ்சான். மாங்காய் அடிக்கவா வந்தான்? எங்க ஹாரிகன் ஓடுனான். ரெண்டு காலாலயும் ஓடுனான். கால்பந்துல காலுக்குத்தான்யா மரியாதை!"

பந்தல் அதிர்ந்தது. நடுவர் காதை ஒரு தரம் ஆட்டினார்.

"கால் வலுவா இருக்கு" என்றார்.

கண்மாய்ப் பக்கம் கிறீச்சென்று சத்தம் கேட்டது. செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். வீடு நகர ஆரம்பித்திருந்தது. தீர்ப்புக்கு முன்னால் நகர்வது முறையில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் பழகிவிட்டது.

"ஏளா, தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு!" உலகநாதன் அங்கேயிருந்து கத்தினார். "நீ ஒண்ணும் பதறாத! நிதானமாப் பேசு!"

முழங்கால் என்ற சொல் அவள் காதில் விழுந்தது. அவள் அதை விடவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க கடைக்கு வந்து கால் கிலோ கடலைமிட்டாய் கேட்டா, முழங்காலை வெட்டியா தருவிய?"

கூட்டம் சிரித்தது.

"அது வேற கால், தங்கச்சி."

"எந்தக் கால்?"

"நாலுல ஒண்ணு."

"அப்போ குவார்ட்டர்னா?"

ஆவுடையப்பன் தோள் துண்டைச் சரிசெய்தார். அவர் பிராந்திக் கடைப் பக்கமே போகாதவர் என்று ஊரில் பெயர். ஆனால் பந்தலில் இருந்த ஆண்கள் ஒரே குரலில் "கால்!" என்றார்கள். அவரவர் பெண்டாட்டிகள் அவரவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டுக்கிட்டியளா நடுவரே! இந்தக் கால் பாதத்துக்கு மேல இருக்குற கால் இல்ல. நாலுல ஒரு பங்கு. பந்துல கால் பங்குதான் எறியுறவனுக்கு. முக்கால் பங்கு பிடிக்கிறவனுக்கு. எங்க ஓக்லி தன் பங்கோட நின்னுக்கிட்டான். மிச்சத்தை நம்பிக் குடுத்தான். ஹாரிகன் முழுசையும் தானே தூக்கிட்டு ஓடுனான். அவன் எப்படி குவார்ட்டர்? அவன் ஃபுல்லு!"

ஆண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கண்மாய்ப் பக்கம் சத்தம் நின்றது. வீடும் கேட்டுக்கொண்டிருந்தது.

நடுவர் சோடாவை ஒரு மடக்குக் குடித்தார்.

"பேச்சு சரி. பிடிக்க ஆள் இருக்கா?"

"இருக்காரு."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நலங்கு, நலங்கு என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். நடுவர் மேடைக் கும்பத்தின் மேலிருந்த தேங்காயைக் குளம்பால் அவள் பக்கம் உருட்டினார். மட்டை உரித்த தேங்காய், இரண்டு பக்கமும் கூர்மையாக இருந்தது. ஓக்லி எறிந்ததும் அந்த வடிவம்தான் என்பார்கள்.

"எறிங்க. கீழ விழுந்தா வீடு கண்மாய்க்கு."

ஆவுடையப்பனுக்கே மனசு கேட்கவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, கிறுக்குத்தனம் பண்ணாத. வேற ஆளைச் சொல்லு."

"வேற ஆளுக்கு எறிய எனக்குத் தெரியாது, அண்ணாச்சி."

எறிந்தாள்.

தேங்காய் போனது. தெரு நீண்டுகொடுத்தது. பாதி வழியில் தேங்காய் களைத்துப்போய் ஒரு மொட்டைமாடியில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தது என்று சொல்கிறார்கள். அது சும்மா. தேங்காய்க்குள்ளேயே தண்ணீர் உண்டு.

உலகநாதன் அண்ணாந்து பார்த்தார். நிலையிலிருந்து கையை எடுத்தார். மூன்று வருஷத்தில் அவர் அதை விட்டது அன்றைக்குத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஓடுகிற ஓட்டத்திலேயே இரண்டு கையையும் நீட்டி, தேங்காயை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். நலங்கில் விட்டதையும் சேர்த்துப் பிடித்தார்.

செண்பகவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. மைக்கை மறந்துவிட்டாள். ஆனாலும் ஊர் முழுக்கக் கேட்டது.

"பாத்தியளா! எங்க வீட்டுக்காரரு!"

நடுவர் விசில் அடித்தார். உலகநாதன் நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் வீடு வந்தது. கண்மாயிலிருந்து எழுந்து, அயிரை மீனையெல்லாம் உதறிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. பழைய இடத்தைத் தாண்டியது. ஆவுடையப்பன் தன் வீட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வழிவிட்டார். துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் அப்படி யாருக்கும் செய்ததில்லை.

தேங்காயை எங்கே தரையில் வைக்கிறாரோ, அங்கேதான் வீடு நிற்கும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"செம்பகம்!" மேடையைக் கடக்கும்போது உலகநாதன் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. முகம் மாப்பிள்ளை முகமாக இருந்தது. "எங்கன வைக்கட்டும்?"

அவள் வீடு எங்கே நிற்க வேண்டும் என்று மூன்று வருஷமாக மற்றவர்கள்தான் சொன்னார்கள். செண்பகவல்லி மேடையை விட்டு இறங்கினாள். வீடு பக்கத்தில் வந்தபோது ஓடிப்போய் ஏறவில்லை. சாவகாசமாக ஏறினாள். வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க ஓடுங்க. நான் சொல்லுதேன்."

அடுத்த ஊரான சாத்தூரும் தாண்டியாயிற்று. அவள் இன்னும் சொல்லவில்லை.