காய்ச்சல் ஏற்றிய இரும்பு

கதிரவேல் இரத்தம் கொடுக்காமல் திரும்பி வந்த நாளைத்தான் அவர் மனைவி சீதேவி இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவாள். கொடுத்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது.

மூதூர்ப் படகு வந்து சேரும் துறைக்கு முன்னால் ஓட்டோ ஓட்டினவர் அவர். பகல் முழுக்க நல்லாக இருப்பார். பொழுதுபட்டுக் கதிரையில் இருந்தாரென்றால் கால் இரண்டும் அவர் சொல் கேளாது. "எலும்புக்குள்ள எறும்பு ஊருது" என்று எழும்பி முற்றத்தில் நடப்பார். நடந்தால் அடங்கும், இருந்தால் திரும்பத் தொடங்கும்.

"உங்கட காலுக்கு ஒரு மீற்றர் பூட்டியிருந்தால் நாங்கள் மாடி வீடு கட்டியிருப்பம்" என்பாள் சீதேவி.

கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர்ப் பெண் இரத்தச் சோதனை செய்து பார்த்தாள். இரத்தத்தில் ஓடுகிற இரும்பு போதுமாம். உடம்பு சேமித்து வைக்கிற இரும்புதான் குறைவாம். பெரிட்டின் என்று அதற்குப் பெயர். அது குறைந்தால் சிலருக்குக் கால் இப்படி அந்தரப்படுமாம்.

"எஞ்சின் ஓடுது, டாங்கி காலி. அப்பிடித்தானே?" என்றார் கதிரவேல்.

"ஓம் ஐயா. டாங்கியில இருக்கிறதைத்தானே நீங்கள் ஊருக்கு ஊத்திறீங்கள்." தான் சொல்லும்வரை இரத்தம் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக் குளிசை எழுதினாள்.

அவர் முகம் விழுந்துபோயிற்று. மூத்தவளைப் பெறும்போது சீதேவி பிழைத்தது பெயர் தெரியாத ஆரோ ஒருவரின் இரத்தத்தால். அன்று தொடங்கி ஒரு இரத்ததான முகாமையும் அவர் விட்டதில்லை. அடுத்ததில் படுத்தே தீருவேன் என்று குளிசையைப் புளிக்கப் புளிக்கத் தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்கினார். பிளேன்டீ இரும்பைச் சேரவிடாது என்றதால், அத்தனை ஆசையான தேத்தண்ணியைக் குளிசை நேரத்தில் தள்ளியே வைத்தார்.

ஆவணியில் ஒரு காய்ச்சல் அவரைப் புரட்டி எடுத்தது. அந்தக் காய்ச்சலோடேயே அடுத்த இரத்தச் சோதனைக்கும் போய்வந்தார். பெரிட்டின் இலக்கம் துள்ளி ஏறியிருந்தது.

"பார்த்தியே, டாங்கி நிரம்பீட்டுது! ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போறன்."

கதிரைக்குக் கீழே அவருடைய செருப்பு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. "கடதாசியில நிரம்பீட்டுது சரி. கால் இன்னும் நடக்குதே" என்றாள் சீதேவி.

அவர் குனிந்து தன் காலையே பார்த்தார். விடிந்ததும் தானாகவே கடதாசியைக் கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

"காய்ச்சல் நேரம் பெரிட்டின் ஏறிக் காட்டும் ஐயா. அதைச் சேமிப்பு எண்டு நம்பேலாது. உடம்பு தேறின பிறகு திரும்பப் பார்ப்பம்" என்றாள் டொக்டர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முகாமுக்குப் போனார். சீதேவியும் கூடப் போனாள். அங்கே விரலில் குத்தி ஓடுகிற இரும்பை மட்டும்தான் பார்ப்பார்கள், அதில் அவர் தேறுவார் என்பது இருவருக்கும் தெரியும்.

"வாங்கோ ஐயா, உங்கட கட்டில் காத்திருக்கு" என்று தாதி கூப்பிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"இந்தமுறை ஏலாது தங்கச்சி. என்ர இருப்புக் குறைவு."

ஓட்டோத் தரிப்பிடக் கூட்டாளி ஹஸன் வாசலில் நின்று சிரித்தான். "என்ன மச்சான், ஊசிக்குப் பயந்திட்டியா?"

"ஓமடா, பயந்திட்டன். நீ பயமில்லாத ஆள்தானே, ஏறிப் படு."

எல்லோரும் சிரிக்க, பின்வாங்க வழியில்லாமல் ஹஸன் படுத்தான். அதுவரை ஒரு துளி கொடுத்தவன் இல்லை அவன். கண்ணை இறுக மூடிக் கிடந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு கதிரவேல் கால் மாற்றி மாற்றி நின்றார். ஊருக்கு நடுவில் 'ஏலாது' என்று சொல்லிவிட்டு இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்க எத்தனை பேரால் முடியும் என்று சீதேவி நினைத்தாள்.

காய்ச்சல் நீங்கிப் பார்த்தபோது இலக்கம் கீழேதான் நின்றது. பிறகு மெல்ல மெல்ல ஏறியது. காலும் அடங்கத் தொடங்கியது. டொக்டர் சம்மதிக்குமுன் மாரடைப்பு வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வருஷ முகாமன்று ஹஸன் படலையில் வந்து நின்றான். "போகத்தான் வெளிக்கிட்டன் மச்சாள். பயந்து எழும்பினால் பகிடி பண்ண அவன் இல்லையே."

சீதேவி கதவைப் பூட்டினாள். "நான் பண்ணுறன். ஓட்டோவை எடுங்கோ."