ஒட்டுப் பிடிக்காத மரம்

அது ஒட்டுப் பிடிக்காத மரம் என்றுதானே இத்தனை வருஷமும் சொன்னார்?

மாரிக்கனி கையிலிருந்த மாம்பழத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் விரல் வைத்து அழுத்தியது போல ஒரு குழி. காம்போரத்தில் பச்சைக் கற்பூர வாசம். அம்மா வீட்டுக் கொட்டையிலிருந்து அவள் முளைக்கவைத்த மரத்தின் பழம். ராஜபாளையத்தில் இந்த வீட்டுக் கொல்லையைத் தவிர வேறெங்கும் கிடையாது.

இதைக் கொண்டுவந்தவள் கான்சாபுரத்துக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து, காலையில் நெஞ்சுவலியில் இறந்துபோன மாரிக்கனியின் புருஷன் இருளப்பசாமியின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை யாரென்று கேட்கவில்லை. மாரிக்கனிக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவர் அவர். கட்டிய கன்று பட்டுப்போனதாகப் பேச்சே இல்லை. தங்கைக்கு ஒரு கன்று கேட்டபோது மட்டும், "உம் மரத்துக் குச்சி ஒட்டாதுட்டி. சில மரம் அப்படித்தான்" என்றார். பிள்ளையில்லாத தன்னைப் போல என்று நினைத்து, மாரிக்கனி அந்த மரத்தின் மேல் இன்னும் பிரியமானாள்.

"இந்தப் பழம் ஏது?"

"எங்க வீட்டு மரம்க்கா. அவியதான் கட்டிக் குடுத்தாவ. தாய்மரம் ராஜபாளையத்துல நிக்குன்னு சொல்லுவாவ." கனகலட்சுமி என்ற அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "பெரியவளுக்குக் காது குத்துன வருஷம் வச்சது."

பெரியவள். அப்படியானால் சின்னவளும் உண்டு.

இருளப்பசாமியின் அக்கா வெள்ளைத்தாய் வந்து மாரிக்கனியை அடுப்படிக்குள் இழுத்துப்போனாள்.

"ஏட்டி, இப்ப எதையும் கிளறாத. எம்புட்டு சனம் பாக்கு."

"போன வருஷம் நம்ம மரம் காய்க்கவே இல்ல மதினி. ஆனா உங்க வீட்டுல இந்த வாசம் அடிச்சிச்சு. கேட்டதுக்கு, உனக்கு எப்பவும் உம் மரத்து நெனப்புதான்னு சிரிச்சிய."

வெள்ளைத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தம்பி கொண்டாந்தான். வேண்டாம்னா சொல்ல முடியும்? பழம் அம்புட்டு ருசி."

வெளியே வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் விலகி வழிவிட, வெள்ளைத்தாய் அரிசித் தட்டை நீட்டினாள்.

"பொஞ்சாதி நீ மொதல்ல போடு. அப்பத்தான் ஊரு வாய மூடும். பொறவு அவ போட்டா என்ன, போடாட்டி என்ன."

மாரிக்கனி ஒரு கை அள்ளினாள். அவருடைய தாடைக்கட்டைத் தளர்த்தியிருந்தார்கள். முன்பல் தெரிந்தது. ஒட்டுக் கட்டும் பாலிதீன் நாடாவை அந்தப் பல்லால்தான் கடித்து அறுப்பார்.

அவள் கை தட்டுக்கே திரும்பியது. விரல்களை விரித்தாள்.

"நான் போடல மதினி."

உள்ளங்கையில் ஒட்டியிருந்த இரண்டு மணிகளையும் தட்டிலேயே உதறினாள்.