தண்ணீருக்கு வைத்த வழி

லாரி கவிழ்ந்துவிட்டதோ என்றுதான் காஜா பேராங் ஊர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த அப்பாசாமிக்கு மட்டும் அது கல் சரியும் சத்தம் என்று தெரிந்துவிட்டது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு மழைச் சேற்றில் ஓடினான்.

அவன் கட்டிய சுவர்தான். காசிவிஸ்வநாதன் செட்டியாரின் பங்களாவுக்குப் பின்னால், மேட்டு மண் சரியாமலிருக்க ஆள் உயரத்துக்கு எழுப்பிய செம்பாறைச் சுவர். அதன் மேல் செட்டியார் மனைவி வடிவாம்பாள் ஆசைப்பட்டபடி கல் விளிம்பு கட்டிய ரோஜாப் பாத்திகள். மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் வாரத்தில் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுத் தேநீர் விருந்து வைக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட தோட்டம். இப்போது சுவரின் பாதி வெடித்து, ரோஜாவும் செம்மண்ணுமாகக் கீழே அஞ்சலையின் வாசலில் குவிந்து கிடந்தது.

அஞ்சலை அதற்கடியில் கிடந்தாள்.

புருஷனை இழந்தவள். மார்க்கெட்டில் கீரை விற்றுப் பிழைப்பவள். சுவர் வேலையில் மிஞ்சிய கல்லை அடுக்கி அவளுக்கும் இரண்டு மேட்டுப் பாத்தி கட்டிக் கொடுத்தவன் அப்பாசாமி. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து ஓடி வந்த ஆட்கள் மலாயில் கத்திக்கொண்டே கல்லைப் புரட்டினார்கள். அவனும் நகம் பிய்யப் புரட்டினான். முகம் தெரிந்தது, இடுப்பு தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அண்ணே," என்றாள் அஞ்சலை. "குழாய்ல தண்ணி நின்னு போச்சுன்னு அண்ணிகிட்ட சொல்லி விட்டேனே. சொல்லலையா?"

அப்பாசாமிக்கு அந்தச் சேதி வரவே இல்லை. சுவரின் அடிவரிசையில் மூங்கில் குழாய்கள் பதித்திருந்தான். மேலே ஊறும் மழை அந்த வழியாக வடிந்தாக வேண்டும். வடியாவிட்டால் மண் ஊறி உப்பிச் சுவரைத் தள்ளிவிடும். வடிகிற தண்ணீர் ஏன் வீணாக வேண்டும் என்று குழாய்களை அஞ்சலையின் பாத்திக்கு நேராகச் சாய்த்து வைத்ததும் அவன்தான். அவள் கீரை அப்படி வளர்ந்தது. புக்கிட் காதிலில் வேறு வேலை வந்ததால் இந்த மழையில் அவன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

செட்டியார் குடையோடு வந்து நின்றார். பின்னால் வடிவாம்பாள். அவளுக்கும் பின்னால், பங்களாவில் சமையல் வேலை பார்க்கும் கமலவேணி, அப்பாசாமியின் மனைவி.

"ஏன்டா, வெள்ளைக்காரனே இன்னும் கிளம்பலை. அதுக்குள்ள உன் சுவரு கிளம்பிடுச்சா?" என்றார் செட்டியார். "தண்ணி போக வழி வச்சியா, இல்லையா?"

அப்பாசாமி முதுகைக் காட்டிக் குனிந்தான். சேற்றில் துழாவி ஒரு குழாயை உருவினான். வாய் அடைபட்டிருந்தது. விரலை விட்டு இழுத்தான். நீலக் கட்டம் போட்ட துணி வந்தது. அவனுடைய பழைய கைலி. தரை துடைக்கக் கிழித்துவிட்டேன் என்று கமலவேணி சொன்ன கைலி.

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

வடிவாம்பாள் முந்தின மாதம் முனகியது ஞாபகம் வந்தது: "நான் போடுற உரமெல்லாம் கரைஞ்சு அந்தக் கீரைக்காரிக்குப் போகுது." அவ்வளவுதான், விளங்கிவிட்டது. எஜமானியம்மா சொல்லியிருக்கிறாள், இவள் செய்திருக்கிறாள். துணியைத் தூக்கிக் காட்டினால் அவன் பேர் பிழைக்கும். பணக்காரி கையைக் கழுவிக்கொள்வாள். கமலவேணி போலீஸ் ஸ்டேஷனில் உட்காருவாள். காட்டாவிட்டால் புக்கிட் ரம்பாய் வரைக்கும் அவனை நம்பி ஒருத்தன் கல் எடுத்துத் தர மாட்டான்.

துணியைக் கைக்குள் சுருட்டி இடுப்பில் செருகினான்.

"சரியா வைக்கலைங்க ஐயா. சேறு அடைச்சதைப் பார்க்க மறந்துட்டேன்."

பலகையில் தூக்கிச் செல்லப்பட்ட அஞ்சலை அதைக் கேட்டாள்.  தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செட்டியார் குடையை மடக்கி அதனாலேயே அடித்தார். முதல் அடி தோளில், அடுத்தது காதில். தினமும் அவனோடு காப்பி குடிக்கிற சேதுராமன் அவன் காலடியில் காறித் துப்பினான். யாரோ போய் அவனுடைய கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் பையோடு எடுத்து வந்து சாக்கடையில் கொட்டினார்கள்.

"இனிமே இந்த ஊர்ல கல்லைத் தொட்டே, கை இருக்காது," என்றார் செட்டியார். வடிவாம்பாள் சேற்றில் கிடந்த ரோஜாச் செடி ஒன்றைத் தூக்கி, வேர் பிழைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தது. காதிலிருந்து ரத்தம் வழிய அப்பாசாமி பங்களாவின் பின்கட்டுக்குப் போனான். கமலவேணி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் துணியைப் போட்டான்.

"அம்மா சொன்னா அடைச்சிடுவியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அந்தப் பொண்ணுக்குக் காலே போச்சு. உன்னை விட்டுக்கொடுக்க மனசில்லாம பழியை நான் ஏத்துக்கிட்டேன்டி."

கமலவேணி துணியை எடுத்தாள். செம்மண் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை நிதானமாகப் பிழிந்தாள்.

"அம்மா ஒண்ணும் சொல்லலை. அத்தனை குழாயையும் அவ பாத்திக்கே சாய்ச்சு வச்சீங்களே, அதை நான் பார்க்கலைன்னு நினைச்சீங்களா?"