மீனெண்ணெய் பூசிய உல்லாசப் படகு

சிங்காரத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மெத்தையைத் தூக்கினால் அடியில் கோழி எலும்பு, பிரியாணிச் சோறு, அதன்மேல் எவனோ எடுத்த வாந்தி. எவனோ என்ன எவனோ, படகுக்குச் சொந்தக்காரன் அருள் பிரகாஷேதான். நேற்று கூட்டாளிகளோடு உப்பனாற்றில் ஒரு சுற்றுப் போய்விட்டு வரும்போது இந்த மூலையில்தான் குனிந்து கிடந்தான். பூனைகூட மண்ணைத் தள்ளித்தான் மூடும். இந்த மகராசன் மெத்தையைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

"தூ" என்று ஆற்றில் துப்பிவிட்டுத் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை வைதுகொண்டே பாதி வேலையைப் போட்டுவிட்டுப் போயிருப்பான். இன்றைக்கு முடியாது. படகைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து டாக்டர் எழிலன் வருகிறார். அதை வாங்கி, கிள்ளைப் பக்கத்து உப்பங்கழியில் விடப் போகிறாராம்.

"போட்டு அவருக்குப் புடிச்சிப் போச்சின்னா, ஓட்டுறதுக்கு ஒன்னையும் சேத்துதான்யா கேப்பாரு. பலகையெல்லாம் மின்னணும், தெரியுதா?" என்று அருள் பிரகாஷ் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அந்த ஒரு பேச்சைத்தான் சிங்காரம் பிடித்துக்கொண்டிருந்தான். தேவனாம்பட்டினத்தில் பிறந்தவன், நடக்கப் பழகியதே அலையில்தான். ஆனால் சுனாமி அவன் கண்ணெதிரே தம்பியைக் கொண்டுபோனதிலிருந்து, நாலு வருசமாகக் கடலில் கால் வைக்கவில்லை. அலை அடிக்கிற பக்கமே போவதில்லை. ஆற்றுக்கு அலை இல்லை. அதனால்தான் இந்தப் படகைக் கழுவுகிற, கட்டுகிற, ஓட்டுகிற வேலைக்கு வந்து ஒட்டிக்கொண்டான். இதுவும் போனால் கடலை விட்டால் வேறு தொழில் தெரியாது.

வாந்தியை வழித்து வாளியில் போட்டான். படகின் அறைக்குள் இருந்த குட்டிக் கக்கூஸ் அடைத்துக்கொண்டு விளிம்புவரை நிறைந்திருந்தது. எந்தப் புண்ணியவானோ காகிதத் தட்டைச் சுருட்டி உள்ளே திணித்திருக்கிறான். குச்சிக்கு அது வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழங்கைவரை கையை விட்டு இழுத்தான். படித்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு கோயிலுக்குப் போகிறவர்கள் செய்த காரியம் இது. நினைக்க நினைக்க அந்த நாற்றத்தைவிட அவர்கள்மேல்தான் அருவருப்பு அதிகமாக வந்தது.

அடிப்பலகையைக் கழற்றினால் அங்கே தேங்கிய கறுப்புத் தண்ணீர், அதில் புழு நெளியும் இறால் தலை. அதையும் மொண்டு வாளியை நிரப்பினான். ஆற்றில் கவிழ்த்துவிட ஒரு நொடி ஆகாது. ஆனால் அதில்தான் பிள்ளைகள் குளிக்கின்றன. பிறகு குழி தோண்டிப் புதைத்துக்கொள்ளலாம் என்று மூடி போட்டுக் கரையில் வைத்தான்.

அப்புறம் சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர், பாட்டில் பாட்டிலாகப் பினாயில். தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றது. வெயிலில் காய்ந்ததும் பலகைகள் வெளிறிப்போய்க் கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. தேவனாம்பட்டினத்தில் மரத்தைக் கழுவிக் காயவைத்தால் மீனெண்ணெய் பூசாமல் விடமாட்டார்கள். உப்பு ஏறாது, வெடிப்பு விடாது. அதிலும் படகை இன்னொருவன் கையில் கொடுக்கும்போது எண்ணெய் வைக்காமல் கொடுப்பது தலை வாராத பெண்ணை மணவறைக்கு அனுப்புகிற மாதிரி. சிங்காரம் வீட்டுக்கு ஓடிப்போய் டின்னை எடுத்துவந்து, மேல்தட்டு, அறை, மெத்தைக்கு அடிப்பலகை என்று ஒரு விரற்கடை விடாமல் துணியால் பூசினான். மரம் குடித்துக் குடித்துக் கருமையாக மின்னியது. அதன் வாடை அவனுக்கு ஒரு வாடையாகவே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மூச்சில் இருப்பதுதானே.

டாக்டர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் ஒரு காலை உள்ளே வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரைக்குத் திரும்பிவிட்டாள். அருள் பிரகாஷ் கைக்குட்டையை எடுத்தான்.

"யோவ், என்னாய்யா பண்ணி வெச்சிருக்க?"

"எண்ணெ வெச்சிருக்கேன் சார். மரத்துக்கு நல்லது."

"நாத்தம் கொடலப் புடுங்குது. ஒங்க சனத்துக்கு இது ஒறைக்கவே ஒறைக்காதாய்யா?"

சிங்காரத்துக்குச் சுரீர் என்றது. டாக்டர் நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், கக்கூஸைத் திறந்து பார்த்தார், அடிப்பலகைக்குக் கீழேகூட எட்டிப் பார்த்தார்.

"உள்ள ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க. இந்த எண்ணெய கழுவிட்டா போதும், எடுத்துக்குறேன்" என்றார்.

"நானே பக்கத்துல நின்னு கழுவ வெச்சேன் டாக்டர்" என்றான் அருள் பிரகாஷ். சொல்லும்போது கண்கூடச் சிமிட்டவில்லை.

"ஆனா ஓட்டுற ஆள மட்டும் நாங்களே பாத்துக்குறோம். தப்பா நெனைக்காதீங்க, என் வொய்ஃபுக்கு இந்த வாட ஒத்துக்காது" என்றார் டாக்டர்.

அவர்கள் காரில் ஏறிப் போனதும் அருள் பிரகாஷ் திரும்பினான்.

"காதுல விழுந்துதுல்ல? எண்ணெய கழுவிட்டு நீ கெளம்பு."

சிங்காரம் தேங்காய் நாரையும் சோப்புத்தூளையும் அவன் பளபளக்கும் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பக்கத்துல நின்னு கழுவ வெச்சவரு நீங்கதான சார், நீங்களே கழுவிக்குங்க. அந்த வாளியிலயும் ஒங்களுதுதான் இருக்குது. மூடியத் தொறந்து பாருங்க."

எண்ணெய் டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான். பின்னாலிருந்து அருள் பிரகாஷ் கத்தியது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. வாயில் எச்சில் கசந்துகொண்டே இருந்தது, துப்பத் துப்பத் தீரவில்லை.

தேவனாம்பட்டினத்தில் மச்சான் அன்பரசு மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டுக் கால்களைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சிங்காரத்தின் பெண்டாட்டிக்குத் தம்பி. நாலு வருசமாக அவனைக் கடலுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தவன். சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"நாளைக்குப் போட்டுல ஆளு வேணுமா மச்சான்?"

அன்பரசு ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எழுந்து பக்கத்தில் வந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான்.

"ஆளு வேணும் மாமா. ஆனா என்னா இது, ஒம் மேல பினாயில் நாத்தம், கொமட்டுது. ஆஸ்பத்திரி கணக்கா இருக்குற. இப்டியே போட்டுல ஏறுனா பயலுவ தொரத்திடுவானுங்க. எறங்கி ஒரு முழுக்குப் போட்டுட்டு வா."

சிங்காரம் தன் கையை மோந்து பார்த்தான். எண்ணெய்க்கு மேல் அந்த வாடைதான் நின்றது. எதிரே கடல் இரைந்துகொண்டிருந்தது. டின்னை மணலில் வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம்பியைக் கொண்டுபோன தண்ணீரில் கால் வைத்தான்.