பெட்டியின் ஓரப் புள்ளி

எங்கள் முதலாளிக்கு அலுவலகத்தில் ஒன்றரை என்று பெயர். எந்த மண்மேட்டைக் கொடுத்தாலும் அவர் கையில் அதன் பாதுகாப்பு எண் ஒன்றரைக்குக் கீழே இறங்கியதில்லை. எனக்கு ஆறு மாதமாகப் பாவம் என்று பெயர். மனைவி இறந்ததற்குக் கிடைத்த பதவி உயர்வு.

அன்று காலை டயர் கடைக்காரர் ஒருவர் சேற்றுச் செருப்போடு உள்ளே வந்தார். அவர் கடைக்குப் பின்னால் ஒரு மண்மேடு. அதன் உச்சியில் எழும் அடுக்குமாடிக்கு நாங்கள்தான் மண் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள். அவர் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து ஒன்றரையின் மேசைமேல் வைத்தார்.

"மேல வேலிக்கால் எல்லாம் என் கடைப் பக்கம் சாயுது சார். தரையில வெடிப்பு. கையை விட்டா முழங்கை வரைக்கும் போகுது."

"வெயில்ல மண்ணு வெடிக்கத்தான் செய்யும்."

"நாலு நாளா மழை சார்."

ஒன்றரை அசரவில்லை. அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"இங்க பாருங்க. ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டு. ஒண்ணுக்கு மேல இருந்தாலே மேடு நிக்கும். இது அதுக்கும் மேல பாதி."

"மேட்டுக்கு இதைப் படிச்சுக் காட்டுனீங்களா சார்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"கடைக்குப் பின்னாடி ஒரே ரூம்," என்றார் அவர். "நானு, வீட்டுக்காரி, ரெண்டு பொண்ணுங்க. தலைமாட்டுல அந்த மேடுதான்."

"நம்ம பாவம் போட்ட கணக்குதான் இது. தம்பி, சாருக்குப் புரியிற மாதிரி சொல்லி அனுப்பு."

அறிக்கையில் என் பெயர் இருந்தது. போட்ட நினைவு எனக்கு இல்லை. மத்தியானத்துக்குள் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டுக் கணினியில் பழைய கோப்பைத் திறந்தேன். தேதி, என் மனைவி இறந்த பதினோராவது நாள். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். எல்லோரும் என் மன உறுதியைப் பாராட்டினார்கள். என் கணக்கை ஒருவரும் பார்க்கவில்லை.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேடு சரிந்தால் ஒரு வட்டத்தின் வில்லைப் போல வழுக்கும் என்று வைத்துக்கொள்கிறோம். எந்த வட்டம் என்று தெரியாது. அதனால் திரையில் மேட்டுக்கு மேலே, வெறும் காற்றில், ஒரு பெட்டி வரைந்து கொடுக்கிறோம். பெட்டி முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் மையமாக வைத்து மென்பொருள் வட்டங்கள் போடும். வட்டத்துக்குள் அகப்பட்ட மண்ணைப் பட்டை பட்டையாக நறுக்கும். பிடித்து நிறுத்தும் பலத்தைத் தள்ளிவிடும் பலத்தால் வகுக்கும். வருகிற விடைகளில் மிகச் சிறியதுதான் மேட்டின் எண். அந்தச் சிறிய விடைக்குரிய புள்ளி பெட்டிக்கு நடுவில் எங்காவது இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால், அதைவிடச் சிறியது வெளியே இருக்கலாம். கல்லூரியில் பின் வரிசையில் தூங்கியவனுக்குக்கூட இது தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது. அது காட்டிய இடத்தில் மட்டும் தேடும்.

என் புள்ளி இடது ஓரக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெட்டி நான் வரைந்ததுகூட இல்லை. மென்பொருள் தானாகக் காட்டும் பெட்டி. சரி என்று அழுத்திவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

பெட்டியை இடப்பக்கம் இழுத்தேன். 1.31. இன்னும் இழுத்தேன். 1.19. புள்ளி இப்போது உள்ளே வந்துவிட்டது. நான்கு நாள் மழைக்காக நிலத்தடி நீரை ஒரு மீட்டர் உயர்த்தினேன். 1.03. ஒன்றைத் தொட மயிரிழைதான் பாக்கி. வில்லின் மேல்நுனி வேலிக்காலில் ஏறியது. கீழ்நுனி டயர் கடையின் பின்சுவருக்கு அடியில் வந்து முடிந்தது.

பின்னால் வரைபடக்கார அக்கா நின்றிருந்தார். அறிக்கைக்குப் படம் போட்டவர்.

"அன்னைக்கே பாத்தேன் தம்பி. புள்ளி ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க இருந்த நிலைமையில எப்படிச் சொல்றது? பாவமா இருந்துச்சு."

ஒருவனுக்குப் பார்த்த பாவத்தில் நான்கு பேர் ஆறு மாதமாக மேட்டுக்கடியில் படுத்திருக்கிறார்கள். இரக்கத்துக்கு இத்தனை பலம் உண்டென்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒன்றரையிடம் போனேன். 1.03 என்ற எண்ணை அவர் ஈயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மண்ணோட பிடிமானம் எட்டுன்னு போட்டிருக்க. பன்னெண்டு போட்டுப் பாரு."

"சோதனையில எட்டுதான் வந்துச்சு."

"சோதனை பண்ணவனும் மனுஷன்தானே."

நான் நகரவில்லை. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது. என் தோளில் கை வந்தது. ஆறு மாதத்தில் இந்தக் கையை நான் நன்றாக அறிவேன்.

"உன் பேரும் கெடக்கூடாது, ஆபீஸ் பேரும் கெடக்கூடாது. மனைவியை இழந்த துயரத்துல போட்ட கணக்கு, மறு ஆய்வு தேவைன்னு ஒரு லெட்டர் குடுப்போம். ரெண்டு மாசம் டைம் கிடைக்கும். உன்னை யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்கப்பா."

"சரிபார்த்தவர் கையெழுத்து உங்களோடது சார். உங்க வீட்ல யாரு செத்தாங்க?"

கை தோளிலிருந்து விலகியது.

என் மனைவிக்கும் அந்த மேட்டுக்கும் சம்பந்தமில்லை. அவள் காய்ச்சலில் போனாள். அவளைப் பற்றி ஒரு கடிதத்தில் ஒரு வரி வருமானால், அது இந்த ஆளுக்கு இரண்டு மாதம் வாங்கித்தரும் வரியாக இருக்க முடியாது.

கடிதத்தை நானே எழுதினேன். தேடிய பெட்டி சிறியது. விடை அதன் ஓரத்தில் விழுந்தது. நான் கவனிக்கவில்லை. திருத்திய எண் 1.03. கீழே இருப்பவர்களை இன்றே வெளியேற்ற வேண்டும், மேலே வேலையை நிறுத்த வேண்டும். காரணம் என்று எதுவும் எழுதவில்லை. கட்டுபவர்களுக்கும் நகராட்சிக்கும் அனுப்பும் முன் அக்கா படத்தைச் சேர்த்தார்.

"வரைஞ்சவங்கன்னு என் பேரையும் போடுங்க தம்பி," என்றார். போட்டேன்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்," என்றார் ஒன்றரை. பாவம் என்று கூப்பிடவில்லை. அந்த மட்டுக்கும் லாபம்.

டயர் கடைக்குப் போனபோது மழை விட்டிருந்தது. கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், நிக்குமா?"

"நிக்கும்னு நம்ப முடியாது. கணக்கு தப்பு. இப்பவே காலி பண்ணணும்."

"எந்தப் புண்ணியவான் போட்டான்?"

"நான்தான்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏன் சார் தப்பாப் போட்டீங்க?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் இவரும் மன்னித்துவிடுவார், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு டீயும் வாங்கித் தருவார்.

"சரியாப் பாக்கல."

"பாக்கலையா? அப்புறம் முகத்துல ரெண்டு கண்ணு எதுக்கு, அழகுக்கா?"

அவர் உள்ளே திரும்பிக் கத்தினார். "ஏய், அடுப்பை அணை. பொண்ணுங்களைக் கூட்டிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு. அப்புறம் சொல்றேன், கிளம்பு முதல்ல."

அவர்கள் மூவரும் சாலையைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னறைக்குள் இனி யாரும் போகக் கூடாது என்றேன். சாலையோரம் அடுக்கியிருந்த டயர்களை மட்டும் அவர் நகர்த்தத் தொடங்கினார்.

"என்ன சார் வேடிக்கை? அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன். லாரி டயர், பார்ப்பதைவிடக் கனம். சட்டையெல்லாம் கறுப்பு.

"இப்பவாவது பாத்துத் தூக்குங்க," என்றார்.