உது என்னத்துக்கு?

நாகேஸ்வரி சாவகச்சேரியில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் இருபது வருடமாகக் காணி உறுதி தட்டச்சுச் செய்கிறவள். எழுத்திருக்கிற தாள் எதைக் கண்டாலும் வாசிக்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவளின் ஆஸ்பத்திரிக் கட்டிலில், காலடியில், நோய் விபரம் எழுதிய ரிக்கற்றை வைத்துவிட்டுப் போனால் அவள் சும்மா இருப்பாளா?

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஆவணி மாதம். அன்று ஒன்பது மணிக்கு அவளுக்கு ஒப்பரேஷன். இடது மார்பில் கட்டி. "சின்னக் கட்டிதானாம். கிள்ளி எடுத்திடுவினம், ரெண்டு நாளிலை வீட்டை வரலாம்" என்று புருசன் நமசிவாயம் சொல்லியிருந்தார். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனுசன். பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரில் பேர்.

ரிக்கற்றைப் புரட்டினாள். உள்ளே சம்மதப் பத்திரம். புற்றுநோய் என்று எழுதியிருந்தது. இடது மார்பகம் முழுவதையும் அகற்றுதல் என்று எழுதியிருந்தது. கீழே நமசிவாயத்தின் கையெழுத்து, முந்தநாள் திகதியோடு.

பயந்துதான் போனாள். அதை மறைப்பானேன்? அம்மாளாச்சி என்று வாய்க்குள் கூப்பிட்டாள். பிள்ளைகள் இருவரும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் அப்படியே அழுதாள்.

ஊசி போட வந்த மக்டலீன் மிஸி பதறிப்போனாள். "ஐயோ அக்கா, உங்களுக்குச் சொல்லேல்லையே? அழாதேங்கோ. உங்கடை அவர் நல்ல மனுசன். டொக்டர் ரெண்டு வழி சொன்னவர், இவர் யோசிக்கக்கூட இல்லை. 'பிள்ளையள் வளந்திட்டினம், இனி உது என்னத்துக்கு, முழுசா எடுத்து விடுங்கோ' எண்டு உடனை கையெழுத்து வைச்சவர்."

அழுகை அந்த இடத்திலேயே நின்றது. உதுவா? வேலியோரம் கிடக்கிற ஓட்டை வாளியைக் காட்டிச் சொல்கிற உதுவா? இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தது, நாற்பத்தாறு வயது வரைக்கும் அவளோடேயே இருக்கிறது, அந்த மனுசனுக்கு உதுவாகப் போய்விட்டதாம்! நாகேஸ்வரிக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"ரெண்டு வழியோ? டொக்டரை வரச் சொல்லுங்கோ. அவர் வராமல் நான் இந்தக் கட்டிலை விட்டு இறங்கமாட்டன்."

தள்ளுவண்டி வந்தது, அவள் ஏறவில்லை. கடைசியில் டொக்டர் வின்சன்ற் விறுவிறென்று வந்தார். கெட்ட மனுசன் இல்லை, நேரமில்லாத மனுசன்.

"என்னம்மா இது? ஜெனறேற்றருக்கு எண்ணெய் அளவாத்தான் கிடக்கு. உங்கடை கணவருக்கு எல்லாம் விளங்கப்படுத்தினனான்."

"கட்டி வந்தது அவருக்கோ டொக்டர்? நான் நொத்தாரிசிட்டை வேலை செய்யிறனான். பேர் எழுதத் தெரியாத மனிசிக்கும் உறுதியை முழுக்க வாசிச்சு விளங்கப்படுத்தித்தான் அவர் பெருவிரல் எடுக்கிறவர். எனக்கு ஆர் வாசிச்சது?"

"அது காணி விசயம் அம்மா..."

"ஓம், காணி விசயத்தையே சொல்லுறன். என்ரை சீதனக் காணியை விக்கிறதெண்டா அவரின்ரை சம்மதம் வேணும். தேசவழமைச் சட்டம் அப்பிடி, நானும் பல்லைக் கடிச்சுக்கொண்டு தட்டிக் குடுக்கிறனான். ஆனா என்ரை கையெழுத்து இல்லாமல் அவர் தனிய விக்கேலாது. என்ரை நெஞ்சு அந்தக் காணியிலும் கேவலமோ?"

பக்கத்துக் கட்டில்காரி எழும்பி இருந்துவிட்டாள். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"சரி, கேளுங்கோ. உங்கடை கட்டி சின்னன். அதையும் சுத்தவர இருக்கிற கொஞ்சத்தையும் மட்டும் எடுக்கலாம். ஆனா அதுக்குப் பிறகு கட்டாயம் கதிர்வீச்சு குடுக்கவேணும். கரண்ட் பிடிக்கிறதெண்டு சொல்லுவினம்."

"யாழ்ப்பாணத்திலை லைற் எரிக்கவே கரண்ட் இல்லை. என்ரை நெஞ்சுக்கு எங்கையிருந்து பிடிக்கப் போறியள்?"

மிஸி வாயைப் பொத்திக்கொண்டாள். டொக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அது கொழும்புக்குப் பக்கத்திலை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலை அம்மா, ஐஞ்சாறு கிழமை. கிளாலியாலை கடல் தாண்டிப் போகவேணும். போகாமல் விட்டா ஆபத்து. முழுசா எடுத்தா வைத்தியம் அனேகமா இஞ்சையே முடிஞ்சிடும்."

"எதிலை கனகாலம் இருப்பன்?"

"ஒழுங்காக் கரண்ட் பிடிச்சா, ரெண்டிலும் ஒண்டுதான்."

அதற்குள் வாசலில் நின்ற நமசிவாயம் உள்ளே வந்துவிட்டார். "நாகேஸ், விசர்க்கதை கதையாதை. கிளாலியிலை நேவி சுடுறான். உன்ரை உயிரை நினைச்சுத்தான் நான் கையெழுத்து வைச்சனான்."

"என்ரை உயிரை நினைக்கிறதெண்டா என்னட்டைக் கேட்டெல்லோ நினைச்சிருக்கவேணும்?"

"இந்த வயசிலை உது..."

"உது இல்லை, இது!" வார்டு முழுக்கக் கேட்டது. "இது எனக்கு வேணும். என்னத்துக்கெண்டு காரணம் சொல்ல நான் என்ன வழக்கே போட்டனான்? முழுசா எடுக்க விரும்பிற பொம்பிளை எடுக்கட்டும், அது அவவின்ரை விருப்பம். நான் கொழும்பு வெள்ளவத்தையிலை தங்கச்சி வீட்டை நிண்டு கரண்ட் பிடிப்பன். கடலாலை போகப் பயம்தான். பயந்து பயந்து போவன்."

பழைய பத்திரத்தை அவள் கிழிக்கவில்லை. புருசனின் கையெழுத்துக்குக் குறுக்கே கோடு இழுத்து, ஓரத்தில் இரத்து என்று எழுதினாள். புதுத் தாளில் கட்டி மட்டும் என்று டொக்டரைக்கொண்டு எழுதுவித்து, இரண்டு முறை வாசித்து, தன் பேரை வைத்தாள். "விளங்கப்படுத்தினது நீங்கள்தானே, நீங்களும் வையுங்கோ" என்று அவரிடமும் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

பிறகு தானே தள்ளுவண்டியில் ஏறிப் படுத்தாள். நமசிவாயம் கூடவே நடந்தார். கண் கலங்கியிருந்தது. பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் கோபம் தணியவில்லை.

"அப்ப என்ரை கையெழுத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லையோ?" என்று கேட்டார்.

"ஏன் இல்லை? நான் கொழும்புக்குப் போக இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்கவேணும். திரும்பி வருவன் எண்டு ஒராள் இஞ்சை பிணை நிக்கவேணுமாம். அதிலை போய் வையுங்கோ. நான் வராட்டி உங்களைத்தான் பிடிப்பினம்."