பூஜ்யம் வரும்வரை கழி

மூன்றே மூன்று வரி நிரல். படித்ததும் வாயில் இருந்த டீயை விழுங்கவே பிடிக்கவில்லை.

எங்கள் கம்பெனி நெட்வொர்க் பெட்டிகள் செய்கிறது. அவற்றை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் கேபிளைக் கவனிக்கும் பகுதி என் பொறுப்பு. அங்கே ஒரு எளிய ஒழுங்கு உண்டு. ஒரு சாதனத்தைப் பயன்படுத்த வருகிற ஒவ்வொரு நிரலும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட வேண்டும், போகும்போது ஒன்றைக் கழிக்க வேண்டும். பூஜ்யம் ஆனால்தான் அந்தச் சாதனத்தின் நினைவகத்தை விடுவிக்கலாம். உள்ளே ஆள் இருக்கும்போது வீட்டை இடிக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

எவனோ ஓரிடத்தில் கழிக்க மறந்திருக்கிறான். அதனால் கேபிளைப் பிடுங்கினால் பெட்டி, இன்னும் ஒருவர் வெளியே வரவில்லை என்று காத்தே கிடந்தது. மறந்த இடத்தைத் தேட உடம்பு வணங்காத எங்கள் சீனியர், பூஜ்யம் வரும்வரை கழித்துக்கொண்டே இரு என்று மூன்று வரியில் ஒரு சுற்று எழுதிவைத்துவிட்டார். உள்ளே யார் இருந்தால் என்ன, இடி! பெட்டி காத்திருப்பதை நிறுத்தியது. இருநூறு முறை பிடுங்கினால் ஒரு முறை அடியோடு செத்துப்போனது.

அதைச் சொன்னவர் வயர்க்காரர். சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், வயது ஐம்பத்திரண்டு. நாள் முழுக்கக் கேபிளைப் பிடுங்கிச் செருகுவதால் அந்தப் பெயர். கட்டைவிரலில் எப்போதும் பிளாஸ்திரி இருக்கும். சீனியரின் மேஜையில் பத்து முறை பிடுங்கிப் பார்த்தார்கள், பெட்டி சாகவில்லை. "அந்தாளுக்கு ஒழுங்காச் செருகவே தெரியல" என்று மேனேஜர் முடிவுகட்டிவிட்டார். வயர்க்காரரின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் நாளை முடிகிறது. வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சீனியரிடம் போனேன்.

"என்ன சார் இந்தக் கண்றாவி?"

"ஓடுதுல்ல?"

"ஓடல. சாகுது."

"என்னை மட்டும் ஏன் கேக்கிற? நீதானே ஓகே பண்ணே. கீழ பாரு."

பார்த்தேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். அவர் அனுப்பிய நான்காவது நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்திருக்கிறேன். படிக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சுத்தம் பேசுகிறவள் நான். தூ என்று என்னை நானே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

மதியத்துக்குள் உண்மையான ஓட்டை அகப்பட்டது. இணைப்பு தோற்றுப் பாதியில் திரும்பும் வழியில் கழிக்கவில்லை. ஒரே ஒரு வரி சேர்த்தேன், அந்த அசிங்கம் பிடித்த சுற்றைத் தூக்கி எறிந்தேன். நேரே சோதனை அறைக்குப் போனேன்.

"அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. கண்டுபிடிச்சுட்டேன்."

வயர்க்காரர் பிடுங்கிய கேபிளைக் கையிலேயே வைத்திருந்தார். "அந்தக் கழிச்சுக்கிட்டே போற இடந்தானேம்மா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு மாசமாத் தெரியும். பெட்டி சாகிற இடத்துல புரோகிராமைத் தொறந்து பாத்தேன். எழுதிக் குடுக்கலாம்னுதான் உக்காந்தேன். கீழ உங்க பேரு இருந்துச்சு. இந்த ஆபீஸ்ல என்கிட்ட சாப்பிட்டீங்களான்னு கேக்கிற ஒரே ஆளு நீங்கதான். எப்படிம்மா எழுதுவேன்?"

சாப்பிட்டீங்களா என்ற கேள்வியை நான் நடந்துகொண்டே கேட்பது வழக்கம். பதிலுக்கு ஒரு நாளும் நின்றதில்லை.

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து மேனேஜருக்கு மெயில் எழுதினேன். படிக்காமல் ஒப்புதல் கொடுத்தது நான் என்று முதல் வரியிலேயே என் பெயரைப் போட்டேன். எனக்குப் பின்னால் வயர்க்காரர், திருத்திய பெட்டியில் கேபிளைப் பிடுங்கி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னும் இல்லம்மா" என்றார்.